வீட்டு இணையத்துக்கு விபிஎன் வேண்டுமா?

யூடியூப்பில் எதைத் திறந்தாலும் நடுவில் ஒரு விபிஎன் விளம்பரம். விபிஎன் என்றால், உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அது இல்லாவிட்டால் உங்கள் பாஸ்வேர்டு போச்சு என்கிற தோரணை வேறு. வீட்டு பிராட்பேண்டில் கரண்ட் பில் கட்டி, சினிமா பார்ப்பவருக்கு இது தேவையில்லை என்பேன்.

தளத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்கினால், உங்கள் பிரவுசருக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போவதெல்லாம் ஏற்கெனவே பூட்டிய பெட்டிதான். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே என்ன டைப் செய்தீர்கள் என்பது தெரியாது. விபிஎன் போட்டால் அந்த ‘எங்கே போனார்’ கணக்கு விபிஎன்காரர் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

இலவசம் என்றால் இன்னும் உஷார். ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஒனாவோ நிறுவனத்தின் இலவச விபிஎன், பாதுகாப்பு ஆப் என்ற பெயரில், மக்கள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்து ஃபேஸ்புக்குக்குக் கொடுத்தது. 2019-ல் மூடிவிட்டார்கள்.

சரி, யாருக்குத்தான் வேண்டும்? வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் நுழைய வேண்டியவர்களுக்கு. அதையும் ஆபீஸே கொடுத்துவிடும். லாட்ஜ் வைஃபையை நம்பாதவர்கள் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம்.

போலி லிங்கில் ஏமாந்து நீங்களே ஓடிபியைக் கொடுத்துவிட்டால் எந்த விபிஎன்னும் காப்பாற்றாது. அந்த மாதச் சந்தா காசை மிச்சம் பிடித்து, இமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் வசதி) இன்றே போடுங்கள். அப்புறம், ரவுட்டரில் இன்னும் ‘அட்மின்’ என்றே கிடக்கும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.