மதங்களுக்கு நடுவே சமக்குறி போடாதீர்கள்

போன வாரம், துறைக்குப் புதிதாக வந்த விரிவுரையாளரின் சமய ஒப்பீட்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்தே நிமிடத்தில் பலகையில் எழுதிவிட்டார்: முக்தி = இரட்சிப்பு = நிர்வாணம். சைவம், கிறித்தவம், பௌத்தம் சொல்லும் விடுதலை எல்லாம் ஒன்றே என்று. 20 வருஷத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. பிற மதத்தை இழித்துப் பேசக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். ஒப்பீட்டுச் சமயம் நடத்தும் நாம் தெரியாமல் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

அந்தச் சமக்குறி

நல்லெண்ணத்தில்தான் போடுகிறோம். நாலு மதத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. எல்லாம் ஒன்றே என்று முடித்துவிட்டால் நிம்மதி. 20 வருஷத்துக்கு முந்திய அந்த என் வகுப்பில், படிக்க வந்திருந்த புத்த பிக்கு ஒருவர் எழுந்தார். "முக்தியில் உயிர் சிவனடி சேரும் என்கிறீர்கள். எங்களிடம் போய்ச் சேர நிலையான உயிரே கிடையாதே, ஐயா?" சிரித்து மழுப்பினேன். பருவத் தேர்வில் 38 விடைத்தாளிலும் என் சமக்குறி திரும்பி வந்தது. வெளித்தேர்வாளர் மதிப்பெண்ணில் கை வைத்தார். தவறு என்னுடையது, தண்டனை பிள்ளைகளுக்கு. இன்றும் ஆறவில்லை.

இப்போது மூன்று கேள்வி கேட்க வைக்கிறேன்: கட்டுண்டது எது, கட்டு எது, அவிழ்ப்பது யார்? சைவ சித்தாந்தத்தில் கட்டுண்டது உயிர், கட்டு ஆணவம், கன்மம், மாயை, அவிழ்ப்பது சிவனருள். தேரவாத பௌத்தத்தில் நிலையான ஆன்மாவே இல்லை. கட்டு வேட்கையும் அறியாமையும். புத்தர் சொன்ன எண்வழியில் அவரவரே நடக்க வேண்டும். கிறித்தவத்தில் பாவத்தில் விழுந்த மனிதன், கிறிஸ்துவால் வரும் கிருபை. அருளும் கிருபையும் நெருங்கி வருவதைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். எங்கே பிரிகின்றன என்று அடுத்து அவர்களே சண்டை போடுவார்கள். போடட்டும்.

ஒரே சொல்

தமிழே காலை வாரும். 'நோன்பு' என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். சமணரின் சல்லேகனை நோன்பு உயிர் துறப்பதில் முடிவது. ரமலான் நோன்பு அந்தி சாய்ந்ததும் திறப்பது. மறுபுறம், ஒரே மதத்துக்குள்ளேயே ஒரே இறைவனுக்குப் பல சொற்கள்: ஃபாப்ரிசியஸ் தமிழில் மொழிபெயர்த்த வேதாகமத்தில் 'பராபரன்', பிந்திய திருத்தத்தில் 'தேவன்', 1995 திருவிவிலியத்தில் 'கடவுள்'.

மாணவரைத் தூதராக்குவது

"நீ முஸ்லிம்தானே, நீயே சொல்லேன்." வகுப்பில் ஒரு மாணவியிடம் இப்படிக் கேட்க வேண்டாம். அவள் வேதியியல் துறையிலிருந்து விருப்பப் பாடத்துக்கு வந்தவள், தன் மதத்தின் பிரதிநிதியாக அல்ல.

கள ஆய்வு

வழிபாட்டு இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகுமுன், அங்கே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

எதிர்த்தரப்பை நோஞ்சானாக்குவது

புதியவரிடம் மணிமேகலையின் 27ஆம் காதையைக் கொடுத்தேன். காப்பியம் பௌத்தத்தின் பக்கம்தான். ஆனாலும் வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அவரவர் வாயாலேயே சொல்லவிட்டு மணிமேகலை கேட்கிறாள். புலன்களால் நேரே அறியும் காட்சி மட்டுமே பிரமாணம், அதாவது சான்று, என்ற பூதவாதியை (பொருள்முதல்வாதியை)ப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள். அனுமானம் (ஊகித்து அறிதல்) இல்லாமல் உன் தாய் தந்தையை எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். அவன் சொல்லி முடித்த பிறகு.