பின் நம்பரை இன்னொருவரிடம் சொல்ல வைக்காதீர்கள்: பணம் செலுத்தும் மெஷினிலும் செக்அவுட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளைத் தேடி எடுக்க, அளவு பார்க்க, பையில் போட யார் உதவினாலும் வாங்குபவருக்கு இழப்பில்லை. பணம் செலுத்தும் நேரம் அப்படிப்பட்டதல்ல. கார்டு மெஷினின் திரையைப் பார்க்க முடியாதவருக்கு அதில் எவ்வளவு தொகை போட்டிருக்கிறார்கள் என்று தெரியாது. பின் நம்பரைத் தானே அழுத்த வழியில்லாவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லா வங்கிகளும் எச்சரிக்கிற அதே எண்! ஆகவே மாற்றுத்திறனாளிகளால் தனியாகப் பணம் செலுத்த முடியாத அமைப்பை வசதிக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது பாதுகாப்புக் குறைபாடு. அந்தக் கண்ணோடு பார்த்தால், எதை முதலில் சரிசெய்வது என்பதில் குழப்பம் வராது.

வழவழப்பான திரையில் பின் நம்பர்

பொத்தான் வைத்த மெஷினில் 5-இன் மேல் சிறு புள்ளி மேடாக இருக்கும். விரல் அதைத் தொட்டதும் மற்ற எண்கள் எங்கே என்று தெரிந்துவிடும். ரத்து, திருத்து, உறுதி ஆகியவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களோடு தடவி அறியும் குறிகளும் பல மெஷின்களில் உண்டு. வெறும் தொடுதிரைக்கு மாறும்போது இவை அத்தனையும் போய்விடுகின்றன. சில அமைப்புகள் பாதுகாப்பு கருதி எண்களின் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றிப் போடுகின்றன. பார்வையற்றோர் மட்டுமல்ல, எண்ணை நினைவில் வைக்காமல் விரல் போகும் வழியை நினைவில் வைத்திருப்பவர்களும் இதில் தடுமாறிப் போவார்கள்.

ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் வங்கியின் ‘ஆல்பர்ட்’ என்ற தொடுதிரை மெஷின் இதனால்தான் நீதிமன்றம் வரை போனது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைக் கவனிக்கும் ஆணையராக முன்பு இருந்த கிரேம் இன்னஸும் நாடியா மட்டியாஸோவும் 2018-இல் வழக்குத் தொடுத்தார்கள். இருவரும் பார்வையற்றவர்கள். 2019-இல் சமரசம் ஏற்பட்டு, மெஷினின் அணுகல் வசதியை மேம்படுத்த வங்கி ஒப்புக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது, பார்வையற்றோருக்கான முறை அந்த மெஷினில் ஏற்கெனவே இருந்தது என்பதுதான். ஒரு வசதி மெனுவுக்குள் புதைந்து கிடந்தால், அதை இயக்கப் பணியாளருக்கும் தெரியாவிட்டால், வரிசையில் நிற்பவருக்கு அது இருந்தும் பயனில்லை.

மெஷினைத் தேர்வு செய்யும்போதே கேட்க வேண்டியவை இருக்கின்றன. தனிப் பொத்தான் பலகையை இணைக்க முடியுமா? தொகையைக் குரலில் சொல்லுமா? எண்ணை அழுத்தும்போது எந்த எண் என்று உரக்கச் சொல்லாமல் ஒலிக்குறிப்பு மட்டும் தருமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின் நம்பரை ஒலிபெருக்கியில் வாசிக்கும் மெஷினால் யாருக்கும் நன்மையில்லை.

“கார்டைத் தட்டினால் போதுமே, பின் நம்பர் எதற்கு” என்று சிலர் கேட்பார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் பின் நம்பர் கேட்கும். எந்தப் பக்கம் தட்டுவது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். தட்டுவதற்கு முன் தொகையைத் தெரிந்துகொள்ளும் வழி அப்போதும் இல்லை. கார்டிலேயே சில நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன: மாஸ்டர்கார்டு 2021-இல் அறிவித்த கார்டுகளின் ஓரத்தில் கிரெடிட்டுக்குச் சதுர வெட்டு, டெபிட்டுக்கு வட்ட வெட்டு, பிரீபெய்டுக்கு முக்கோண வெட்டு. பர்ஸிலிருந்து சரியான கார்டை எடுக்க அது உதவும். தொகை சரிதானா என்ற கேள்விக்கு மெஷின்தான் பதில் சொல்ல வேண்டும்.

மேசையில் திருகி இறுக்கிய மெஷின், நிற்பவரின் கண் உயரத்துக்கு மட்டுமே பொருந்தும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் திரையில் விளக்கின் பளபளப்பு மட்டும் தெரியும். கழற்றிக் கையில் கொடுக்கும்படியான தாங்கி இருந்தால் இந்தச் சிக்கல் அநேகமாகத் தீர்ந்துவிடும். வெற்றி, தோல்வி இரண்டையும் ஒலியாலும் ஒளியாலும் காட்டுங்கள். பீப் சத்தம் காது கேளாதவருக்குப் பயன்படாது, பச்சை விளக்கு பார்வையற்றவருக்குப் பயன்படாது.

செக்அவுட்டில் பேசாத பெட்டிகள்

இணையக் கடையில் கடைசியாகப் பணம் செலுத்தும் பக்கம்தான் செக்அவுட். இணையத்தளங்களுக்கு எழுத்தில் வழிகாட்டி இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிடும் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அப்படியிருந்தும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

அவற்றில் அதிகம் மறைந்திருப்பது கார்டு எண் பெட்டி. கார்டு விவரம் கடையின் சர்வரைத் தொடக்கூடாது என்பதற்காக, அந்தப் பெட்டியைக் கட்டண நிறுவனம் தன் பக்கத்திலிருந்து ஐஃப்ரேம் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம்) வழியாகக் கடையின் பக்கத்துக்குள் பதிக்கிறது. ‘கார்டு எண்’ என்ற எழுத்து கடையின் பக்கத்தில் இருக்கும், பெட்டி கட்டண நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் நிரல் ஐஃப்ரேமின் எல்லையைத் தாண்டாது. விளைவு, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடர் “எழுதும் பெட்டி, காலி” என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். கேட்டால் கடை கட்டண நிறுவனத்தைக் கைகாட்டும், அவர்கள் கடையைக் கைகாட்டுவார்கள். பெயர்க்குறிப்பும் பிழைச் செய்தியும் ஐஃப்ரேமுக்கு உள்ளேயே இருக்க வேண்டும், ஐஃப்ரேமுக்கும் தலைப்பு வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைச் சோதித்துப் பார்ப்பதே நல்லது. பிறகு மாற்றச் சொன்னால் மாதங்கள் ஓடிவிடும்.

பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பையே பெயர்க்குறிப்பாகப் பயன்படுத்துவதும் தவறுதான். எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், நினைவாற்றல் குறைபாடு உள்ளவர் எதை நிரப்பிக்கொண்டிருந்தோம் என்று திகைப்பார். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே அந்த வழிகாட்டுதல்கள் கேட்கும் 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாட்டு அளவையும் அந்த மங்கல் எழுத்து பெரும்பாலும் எட்டுவதில்லை. எந்தப் பெட்டியில் எந்த விவரம் வரும் என்று பிரவுசருக்குச் சொல்லும் ஆட்டோகம்ப்ளீட் பண்பைச் சரியாகக் கொடுத்தால் பிரவுசரே கார்டு விவரத்தை நிரப்பிவிடும். கை நடுங்குபவருக்குப் பதினாறு எண்களைத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம்.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது ‘பணம் செலுத்து’ பொத்தானை அழுத்திய பிறகு வரும் மௌனம். கண்ணுக்கு ஒரு வட்டம் சுழல்வது தெரியும், ஸ்க்ரீன் ரீடருக்கு எதுவும் வராது. பணம் போனதா, இல்லையா? திரும்ப அழுத்தினால் இரண்டு முறை போய்விடுமா? கட்டணம் தோற்றால் சிவப்புக் கோடு மட்டும் வரும். சில தளங்களில் நிரப்பியதெல்லாம் அழிந்தும் போயிருக்கும். ‘செயலாகிறது’, ‘முடிந்தது’, ‘கார்டின் காலாவதித் தேதி தவறு’ என ஒவ்வொரு நிலையும் ஸ்க்ரீன் ரீடர் தானே வாசிக்கும் செய்தியாக வர வேண்டும். பணப் பரிமாற்றத்தைத் திரும்பப் பெறும் வழி, பிழையைச் சோதித்துத் திருத்த விடும் வழி, கடைசியில் சரிபார்த்து உறுதிசெய்யும் வழி ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

அடுத்தது ஓடிபி. ஆறு எண்ணுக்கு ஆறு தனிப் பெட்டிகள் போடுவது அழகாகத் தெரியலாம். ஸ்க்ரீன் ரீடரில் அது ஆறு பெயரில்லாப் பெட்டிகள், நகலெடுத்து ஒட்டினால் முதல் பெட்டியோடு நின்றுவிடும். ஒரே பெட்டி வைத்து, ஒட்ட அனுமதியுங்கள். காலக்கெடு இருந்தால் முடிவதற்கு முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்க குறைந்தது 20 விநாடி தருவது அந்த வழிகாட்டுதல்கள் ஏற்கும் வழிகளில் ஒன்று. குரலால் அல்லது ஒற்றைச் சுவிட்சால் போனை இயக்குபவர் குறுஞ்செய்தியைத் திறந்து திரும்பி வருவதற்குள் பக்கம் காலாவதியானால், அவர் வாங்க முயன்றது அத்தனையும் வீண்.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். எந்தத் தளத்தையும் விதிகளுக்கு உட்பட்டதாக மாற்றும் என்று தன் கருவியைப் பற்றிச் சொன்ன ஆக்சஸிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. ஐஃப்ரேமுக்குள் பெயரில்லாமல் கிடக்கும் பெட்டியை வெளியிலிருந்து எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

சட்டமும் நெருங்கி வந்துவிட்டது. 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய அணுகல் சட்டம், கார்டு மெஷின்களையும் இணைய வணிகத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அங்கே விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும்.

சோதனையில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகப் போகும் பாதையை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, மறுக்கப்படும் கார்டு, தவறான ஓடிபி, காலாவதியான பக்கம் இவற்றைக் கீபோர்டால் மட்டும் கடந்து பாருங்கள். பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அதன்பின் மாற்றுத்திறனாளிகளை அழைத்து, அவர்கள் நேரத்துக்கு ஊதியம் கொடுத்து, அவர்களுடைய சொந்தப் போனிலும் கடையில் வைக்கப்போகும் அதே மெஷினிலும் செலுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரின் உதவி தேவைப்பட்டது என்று குறித்துக்கொண்டு, திருத்தும் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். கட்டண நிறுவனம் தன் பக்கத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.