டம்ளரின் வாய் ஏன் வட்டமாகிவிடுகிறது? பார்த்ததைப் பார்த்தபடி வரையப் பழகும் முறை

"எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது" என்று சொல்லி வரைவதை விட்டவர்கள் நிறைய. உங்கள் கையெழுத்தை மற்றவர்கள் வாசிக்க முடிகிறதா? அப்படியானால் வரையத் தேவையான அளவுக்குக் கை ஏற்கெனவே பழகிவிட்டது. கோளாறு பெரும்பாலும் கண்ணிலிருந்து தாளுக்கு வரும் வழியில்தான் இருக்கிறது.

1997-ல் கோஹன், பென்னட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். படம் பிழையாவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். பொருளைத் தவறாகப் பார்ப்பது, எதை வரைவது எதை விடுவது என்று தீர்மானிப்பதில் தவறுவது, கை ஒத்துழைக்காதது, வரைந்த படத்தையே தவறாகப் பார்ப்பது. புகைப்படத்தின் மேல் வைத்துப் பிரதி எடுக்கச் சொன்னபோது, வரையத் தெரியாதவர்களும் நன்றாகவே எடுத்தார்கள். ஆகவே கையைக் குறை சொல்ல முடியாது. பொருளைத் தவறாகப் பார்ப்பதே முக்கியக் காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள். கீழே உள்ள பயிற்சிகள் எல்லாம் இந்த ஒரு பிழையைக் குறிவைத்தவை.

தேவையான பொருட்கள்

எச்பி, 2பி, 4பி பென்சில்கள் ஒவ்வொன்று. சாதாரண ஏ4 தாள் போதும். விலை உயர்ந்த தாள் வாங்கினால் அதை வீணாக்கப் பயந்து கை இறுகும். எக்ஸாம் பேடு, கிளிப், ரப்பர், 30 செ.மீ. ஸ்கேல், ஒரு நூலும் அதில் கட்டச் சிறு கல்லும். அளவு பார்க்கத் தென்னை ஈர்க்கில் ஒன்று. உலர்ந்து வளையாததாகப் பாருங்கள். கண்ணாடி கழற்றிய போட்டோ பிரேமில் செலோடேப்பால் இழுத்து ஒட்டிய ஓஎச்பி ஷீட் (மறுபக்கம் தெரியும் பிளாஸ்டிக் தாள்), அதில் எழுதச் சிடி மார்க்கர். நாகர்கோவிலோ தக்கலையோ மார்த்தாண்டமோ, எந்த ஊர் ஸ்டேஷனரி கடையிலும் இவை கிடைக்கும். பிரேமில் கண்ணாடியையே விட்டுவைத்தும் செய்யலாம், ஆனால் விளிம்பு கையைக் கிழிக்கும்.

படி 1: எதையும் படிக்காமல் ஒரு டம்ளர்

12 செ.மீ. உயரமுள்ள சில்வர் டம்ளரை எடுங்கள். உட்கார்ந்த நிலையில், கண்ணிலிருந்து கிடைமட்டமாக 50 செ.மீ. தள்ளி அதை வையுங்கள். டம்ளரின் வாய் உங்கள் கண்ணைவிட 20 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். உயரம் சரிவராவிட்டால் அடியில் புத்தகங்களை அடுக்குங்கள். வாயின் அகலம் தாளில் 8 செ.மீ. வருமாறு வரையுங்கள். 15 நிமிடம். தேதி போட்டு எடுத்து வையுங்கள், திருத்த வேண்டாம்.

இப்போது ஸ்கேலால் வாயை அளந்து பாருங்கள். இந்த நிலையில் 8 செ.மீ. அகலத்துக்கு நீள்வட்டத்தின் உயரம் ஏறக்குறைய 3.2 செ.மீ.தான் இருக்க வேண்டும். கணக்கு எளியது: கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள உயர வேறுபாட்டைத் தூரத்தால் வகுங்கள். 20 வகுத்தல் 50, அதாவது 0.4. அகலத்தில் பத்தில் நான்கு பங்கு. புதிதாக வரைபவர்கள் இதை 4, 5 செ.மீ. என்று ஊத வைத்துவிடுவார்கள். அடிப்பக்கம் இன்னும் மோசமாகும். அது கண்ணைவிட 32 செ.மீ. தாழ்வு, ஆகவே விகிதம் 0.64. அடியின் அகலம் 6 செ.மீ. என்றால், அந்த வளைவின் நடுப்பகுதி இரண்டு ஓரங்களைவிட ஏறக்குறைய 1.9 செ.மீ. கீழே இறங்க வேண்டும். முதல் படத்தில் அது அநேகமாக நேர்க்கோடாகத்தான் இருக்கும்.

ஏன் இப்படி? டம்ளரின் வாய் வட்டம், மேசை தட்டை என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவு பார்வைக்குள் புகுந்துவிடுகிறது. 1931-ல் ராபர்ட் தௌலஸ் என்ற ஆய்வாளர், வட்டத் தட்டைச் சாய்வாகக் காட்டி, கண்ணில் படும் வடிவத்தைச் சொல்லச் செய்தார். மக்கள் சொன்ன வடிவம் உண்மையில் கண்ணில் விழும் நீள்வட்டத்தைவிடப் பருத்தும், முழு வட்டத்தைவிட ஒடுங்கியும், இடையில் நின்றது. அன்றாட வாழ்க்கைக்கு இது நல்ல குணம்தான். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் டம்ளரை டம்ளராக அடையாளம் காட்டுவது இதுவே. வரையும்போது மட்டும் இதை ஒதுக்கிவைக்கக் கற்க வேண்டும்.

படி 2: சட்டத்தின் வழியே அதே டம்ளர்

ஓஎச்பி ஷீட் ஒட்டிய பிரேமை, கண்ணுக்கும் டம்ளருக்கும் நடுவே நிமிர்த்தி நிறுத்துங்கள். இருபுறமும் கனமான புத்தகங்களால் அண்டை கொடுத்தால் அசையாது. நாடியை (முகவாயை) புத்தக அடுக்கின் மேல் ஊன்றுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெரியும் விளிம்புகளை மார்க்கரால் அப்படியே பின்தொடருங்கள்.

1435-ல் இத்தாலியில் அல்பெர்த்தி மெல்லிய துணித்திரையின் வழியே பார்த்து வரையும் முறையை எழுதிவைத்தார். 1525-ல் ஜெர்மனியின் டியூரர் இப்படிப்பட்ட கருவிகளைப் படமாகவே அச்சிட்டார். பெரிய ஓவியர்களே பயன்படுத்திய துணை என்பதால் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இங்கே மூன்று தவறுகள் வரும். தலை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் மேல்கோடும் கீழ்க்கோடும் ஒட்டாது. இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் இரட்டையாகத் தெரியும். பிரேம் முன்னோ பின்னோ சாய்ந்தால் விகிதம் மாறும். கோடு நடுங்குவதைப் பொருட்படுத்தாதீர்கள். ஷீட்டை வெள்ளைத்தாள் மேல் வைத்து முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். வாய், அடி, பக்கச்சரிவு என்று எங்கெங்கே விலகினீர்கள் என்று சிவப்பு மையால் குறியுங்கள். உங்கள் கண் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று இது காட்டிவிடும். டம்ளரை விட்டுச் சிரட்டை, புட்டுக்குற்றி, கிண்டி (மூக்கு வைத்த செம்பு) என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதலில் சட்டமில்லாமல் வரைந்துவிட்டுப் பிறகு சட்டத்தின் வழியே சரிபார்ப்பதுதான் வரிசை. சட்டத்தையே நம்பிக்கொண்டிருந்தால் கண் வளராது.

படி 3: ஈர்க்கிலால் அளப்பது

கையை முழங்கை மடங்காமல் நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். ஈர்க்கிலின் நுனியைப் பொருளின் உச்சியோடு பொருத்தி, கீழ் எல்லையைப் பெருவிரலால் குறியுங்கள். அந்த அளவு அகலத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். நமக்கு வேண்டியது விகிதம் மட்டும்.

முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு கெடும். ஈர்க்கில் கண்ணிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஈர்க்கிலைப் பொருளை நோக்கிச் சாய்ப்பது. படகின் நீளத்தை அளக்கும்போது கை தானாகப் படகு போகும் திசையிலேயே சாய்ந்துவிடும். முன்னால் ஒரு கண்ணாடிச் சுவர் இருப்பதாகவும் ஈர்க்கில் அதைத் துளைக்கக் கூடாது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சிக்குக் கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையைப் போல வசதியானது வேறில்லை, விடை முன்பே தெரியும் என்பதால். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் பீடமாகவும் மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்கள் சிலையாகவும் நிற்கின்றன. பீடத்துக்கும் சிலைக்கும் விகிதம் 2-க்கு 5. கரையிலிருந்து ஈர்க்கிலால் அளந்தால் பீடத்தின் உயரம் சிலையில் இரண்டரை முறை அடங்க வேண்டும். அடங்காவிட்டால் உங்கள் கை மடங்குகிறது, அல்லது பீடத்தின் தொடக்கத்தைப் பாறையோடு குழப்பிக்கொள்கிறீர்கள். படகில் போய்ச் சிலையின் காலடியில் நின்று அளக்காதீர்கள். அண்ணாந்து பார்க்கையில் மேற்பகுதி குறுகி விகிதம் மாறிவிடும்.

படி 4: தூக்குநூல்

கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, எந்தப் புள்ளிக்கு நேர் கீழே எது வருகிறது என்று பாருங்கள். வள்ளுவர் சிலையின் இடுப்பில் ஒரு மெல்லிய வளைவு உண்டு. கண் அதை நிமிர்த்தி நேராக்கிவிடும், நூல் விடாது. தலையின் நடுவில் நூலைப் பிடித்து, அது இடுப்பையும் பாதத்தையும் எங்கே கடக்கிறது என்று மூன்று புள்ளிகள் வையுங்கள்.

படி 5: குறைவாகப் பாருங்கள், அடிக்கடி பாருங்கள்

கோஹன் 2005-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வின் முடிவு இது. பொருளுக்கும் தாளுக்கும் இடையே அடிக்கடி கண்ணை மாற்றுபவர்கள் கூடுதல் துல்லியமாக வரைகிறார்கள். நீண்ட நேரம் பார்த்துவிட்டு நீண்ட நேரம் வரைந்தால், இடைவெளியில் நினைவு நுழைகிறது. நினைவோடு சேர்ந்து 'டம்ளர் இப்படித்தான் இருக்கும்' என்ற பழைய அறிவும் நுழைகிறது.

ஒன்றிரண்டு நொடி பாருங்கள், ஓர் அங்குலக் கோடு போடுங்கள், மறுபடியும் நிமிருங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும். எக்ஸாம் பேடை மடியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, பொருளுக்குப் பக்கத்திலேயே தெரியும்படி வையுங்கள். தலை குனியாமல் கண் மட்டும் நகர்ந்தால் போதும் என்ற நிலை வர வேண்டும். மடியில் படுத்திருக்கும் தாளில் இன்னொரு கேடும் உண்டு. தாளே சாய்வாகக் கண்ணில் படுவதால், வரையும்போது சரியாகத் தெரிந்த படம் தூக்கிப் பிடித்ததும் மேல்கீழாக நீண்டிருக்கும்.

படி 6: பொருளை விட்டு வெற்றிடத்தை வரைவது

தென்னை ஓலையை ஒவ்வொரு இலையாக எண்ணி வரைந்தால் சீப்புப் போலாகும். ஓலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தின் துண்டுகளை வரையுங்கள். வானத்துண்டுக்குப் பெயரில்லை, ஆகவே அதைப் பற்றி முன்முடிவும் இல்லை. குளச்சல் கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்கு நடுவேயுள்ள மணல் வடிவங்கள், நாற்காலிக் கால்களுக்கு இடையேயுள்ள இடம் எல்லாம் இதற்கு நல்லவை.

படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைந்தால் திறமை கூடும் என்று பலர் சொல்வார்கள். 2010-ல் கோஹனும் எர்ல்ஸும் சோதித்தபோது தலைகீழாக்கியதால் துல்லியம் கூடவில்லை. அந்த நேரத்தை வெற்றிடப் பயிற்சிக்குக் கொடுப்பது நல்லது.

படி 7: தூரம்

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடைபாதையில் நின்றால் இருபுறச் சுவர்களும் தொலைவில் ஒன்றையொன்று நெருங்குவது தெரியும். முதலில் கண்மட்டக் கோட்டைக் கிடையாகப் போடுங்கள். கண்ணுக்கு மேலே உள்ள விளிம்புகள் அதை நோக்கி இறங்கும், கீழே உள்ளவை ஏறும். சரிவை ஈர்க்கிலால் பிடித்து, அதே சாய்வில் கையைத் தாளுக்குக் கொண்டுவாருங்கள். கீழிருந்து தூண்களை வரைவதானால், தூண்களுக்கு இடையேயுள்ள இடைவெளியும் குறைந்துகொண்டே போக வேண்டும். தூண்களைச் சிறிதாக்கிவிட்டு இடைவெளியைச் சமமாக விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரலாமா?

ஐந்தாறு வயதில் வேண்டாம். பிரெஞ்சு ஆய்வாளர் லுக்கே 1927-ல் குழந்தைகளின் படங்களை வரிசைப்படுத்தினார். முதலில் கிறுக்கலில் தற்செயலாக ஓர் உருவம் தென்படும். பிறகு உறுப்புகளை ஒன்றுசேர்க்க முயன்று தவறும் காலம். அடுத்து, தெரிந்ததையெல்லாம் வரையும் காலம். வீட்டின் சுவரும் உள்ளே இருக்கும் ஆட்களும் ஒன்றாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவது கடைசியில் வருகிறது.

1972-ல் ஃப்ரீமன், ஜானிகூன் ஆகியோர், முன்பக்கம் பூப்போட்ட கோப்பை ஒன்றைக் கைப்பிடி மறையும்படி வைத்து, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளை வரையச் சொன்னார்கள். சிறியவர்கள் கண்ணுக்குத் தெரியாத கைப்பிடியை வரைந்து, கண்ணில் பட்ட பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயதை ஒட்டி இது மாறியது. வீட்டில் கிண்டியின் மூக்கைப் பின்புறம் திருப்பி வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். சிறு பிள்ளை மூக்கை வரைந்தால் அது பிழையில்லை. 'இது என்ன பொருள்' என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

இந்த வரிசை எல்லோருக்கும் ஒன்றல்ல. லோர்னா செல்ஃப் 1977-ல் பதிவுசெய்த நாடியா என்ற ஆட்டிசம் உள்ள சிறுமி, மூன்றரை வயதை ஒட்டியே குதிரைகளை வியக்கத்தக்க உண்மைத்தன்மையோடு வரைந்தாள். மறுபக்கம், வில்லட்ஸ் 1977-ல் 5 முதல் 17 வயது வரையிலானவர்களை மேசை வரையச் சொன்னபோது, சரியான பெர்ஸ்பெக்டிவுக்கு (தொலைவுக்கு ஏற்ப விளிம்புகள் நெருங்கும்படி வரைவதற்கு) பெரிய பிள்ளைகளிலும் எல்லோரும் வந்து சேரவில்லை. வயது ஏறினால் தானாக வந்துவிடும் திறமை இல்லை இது.

உதவி தேவைப்படுவது ஒன்பது பத்து வயதில். தன் படம் நிஜம் போல இல்லை என்று பிள்ளையே சலித்துக்கொண்டு ரப்பரால் தாளைக் கிழிக்கத் தொடங்கும். அப்போது படி 2-இன் சட்டத்தைக் கையில் கொடுங்கள். பிள்ளையின் படத்தின் மேல் நீங்கள் கோடு போட்டுத் திருத்தாதீர்கள். "வாயின் அகலத்தில் உயரம் எத்தனை பங்கு?" என்று கேளுங்கள், ஈர்க்கிலை நீட்டி அதுவே அளக்கட்டும்.