1955ஆம் ஆண்டு அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1955இல் அமெரிக்காவில் பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸைப் பற்றி ஒரு பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் பார்த்தேன். தலையில் வெள்ளைப் பவுடர் பூசி, கையில் ஊன்றுகோலோடு வந்த சிறுமி, "கால் வலிக்கிறது, என்னால் எழுந்திருக்க முடியாது" என்று சொல்லி பஸ் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. நன்றாகவே நடித்தாள். தவறு அவளுடையது அன்று. வசனம் எழுதிய ஆசிரியருக்குக் கிடைத்த கட்டுரையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். தமிழில் அந்த ஆண்டைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. ஒரு பிழை நுழைந்துவிட்டால் பாடக்குறிப்பு, வினா விடைப் புத்தகம், மேடைப் பேச்சு என்று எல்லா இடத்துக்கும் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரியில் பஸ் ஏறியபோது ரோசா பார்க்ஸுக்கு வயது 42. ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் தையல் வேலை. கால்வலியால் எழவில்லை என்பதை அவரே பின்னாளில் மறுத்திருக்கிறார். பணிந்து பணிந்து போனதில் வந்த சலிப்பைத் தவிர வேறு சலிப்பு எனக்கு இல்லை என்பதே அவர் சொன்னதன் பொருள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கால்வலிக் கதை அவருடைய அறிவையும் பயிற்சியையும் ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாண்ட்கோமரிக் கிளையில் 1943 முதல் செயலாளராக இருந்தவர் அவர். 1944இல் வெள்ளையர் கும்பலால் வன்புணர்வுக்கு ஆளான ரெஸி டெய்லர் என்ற பெண்ணுக்கு நீதி கேட்டு அவருடைய ஊருக்கே போய் விவரம் திரட்டியவர். 1955 கோடையில் டென்னஸி மாநிலத்து ஹைலாண்டர் மக்கள் பள்ளியில் இன ஒதுக்கலை எதிர்ப்பது பற்றிய பயிற்சி முகாமுக்குப் போய் வந்தவர். அன்று மாலை பஸ்ஸை ஓட்டிய ஜேம்ஸ் பிளேக், 1943இல் அவரை இறக்கிவிட்ட அதே ஓட்டுநர். முன்வாசலில் கட்டணம் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஏறச் சொன்னபோது மறுத்ததுதான் அன்றைய குற்றம். தற்செயலாகத் திமிறிய ஒரு களைத்த உடலை இந்த வரலாற்றில் தேட வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகள் பொதுவேலை செய்த ஒருவர் இருக்கிறார், அவரை எழுதுங்கள்.

இன்னொன்று. "வெள்ளையருக்கான இருக்கையில் அமர்ந்தார்" என்று எழுதுகிறார்கள். அவர் அப்படி அமரவில்லை. அந்நகரத்துப் பஸ்ஸில் 36 இருக்கைகள். முன்னால் பத்து வெள்ளையருக்கு, பின்னால் பத்து கறுப்பினத்தவருக்கு, நடுவில் உள்ள பதினாறு ஓட்டுநரின் விருப்பப்படி. அவர் அமர்ந்திருந்தது நடுப்பகுதியின் முதல் வரிசையில். நின்றுகொண்டிருந்த ஒரே ஒரு வெள்ளையருக்காக அந்த வரிசையில் இருந்த நான்கு பேரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். வெள்ளையர் அமரும் வரிசையில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட உடன் இருக்கக் கூடாது என்பது நடைமுறை. மூன்று பேர் எழுந்தார்கள். இந்த விவரம் இல்லாமல் எழுதினால், அவர் விதியை மீறிப் போய் உட்கார்ந்ததாகவும் சட்டம் சும்மா தன் வேலையைச் செய்ததாகவும் படிப்பவருக்குத் தோன்றும். உட்கார உரிமை இருந்த இடத்திலிருந்தே எழுப்பினார்கள் என்பதுதான் கொடுமை.

முதல் ஆள் யார்?

"எழ மறுத்த முதல் பெண்" என்ற தொடரை அடியோடு விட்டுவிடுங்கள். அதே ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, பதினைந்து வயது மாணவி கிளாடெட் கால்வின் அதே நகரத்தில் எழ மறுத்துக் கைதானார். அக்டோபரில் பதினெட்டு வயது மேரி லூயிஸ் ஸ்மித். இவர்களைப் பற்றி எழுதத் துணிந்தவர்கள்கூட அடுத்த குழியில் விழுகிறார்கள்: கால்வின் கர்ப்பமாக இருந்ததால் கறுப்பினத் தலைவர்கள் அவரை ஒதுக்கினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கைதான மார்ச் மாதத்தில் அவர் கர்ப்பமாக இல்லை. மேல்முறையீட்டில் இன ஒதுக்கல் சட்டத்தை மீறியதான குற்றச்சாட்டை நீதிமன்றம் விலக்கிக்கொண்டு, காவலரைத் தாக்கியதாகச் சொன்ன குற்றச்சாட்டை மட்டும் வைத்துக்கொண்டது. அப்படியான பிறகு அந்தச் சட்டத்தையே கேள்வி கேட்க அவ்வழக்கு உதவாது. அவருடைய வயதும், அவருடைய குடும்பத்தின் வறுமையும் தலைவர்களின் தயக்கத்துக்குக் காரணங்களாக இருந்தன. கர்ப்பம் பிறகு வந்தது.

பார்க்ஸ் கைதானதை அடுத்து மாண்ட்கோமரியில் நடந்த பஸ் புறக்கணிப்பும் ஓர் இரவில் முளைத்ததன்று. 1953இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்தில் ஒரு புறக்கணிப்பு நடந்தது. சொந்தக் கார்களில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டை மாண்ட்கோமரிக்காரர்கள் அங்கிருந்துதான் கற்றார்கள். அலபாமா அரசுக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவராக, பஸ்களில் நடத்தும் விதத்தை மாற்றாவிட்டால் புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பார்க்ஸ் கைதான இரவு கல்லூரியின் படி எடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்தவரும் அவரே. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்ற அந்தத் தாள் ஊரெங்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான், டிசம்பர் 5 பிற்பகல், 26 வயது மார்ட்டின் லூதர் கிங் மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அன்று காலையே பஸ்கள் காலியாக ஓடத் தொடங்கிவிட்டன. "கிங் போராட்டத்தைத் தொடங்கினார்" என்று எழுதுவது கிங்குக்கும் பெருமையன்று, ராபின்சனுக்கும் நியாயமன்று. மக்கள் தொடங்கியதை 381 நாள் சிதறாமல் நடத்திக் காட்டினார் என்று எழுதுங்கள். அதைவிடப் பெரிய பெருமை என்ன வேண்டும்?

புறக்கணித்தவர்கள் முதலில் கேட்டது என்ன என்பதிலும் எச்சரிக்கை தேவை. பஸ்ஸில் இன ஒதுக்கலை ஒழிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கவே இல்லை. மரியாதையாக நடத்த வேண்டும். வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வந்த வரிசையில் அமரலாம், அமர்ந்தவரை எழுப்பக் கூடாது. கறுப்பினத்தவர் மிகுதியாகச் செல்லும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களைச் சேர்க்க வேண்டும். இவ்வளவுதான். அலபாமாவின் இன்னொரு நகரமான மொபீலில் இத்தகைய இருக்கை முறை நடப்பில் இருந்தது. இந்தச் சிறிய கோரிக்கையைக்கூட நகராட்சி ஏற்கவில்லை. 1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. இரண்டு நாள் கழித்து, இன ஒதுக்கல் சட்டமே செல்லாது என்று கேட்கும் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த வழக்கில்தான் வெற்றி. அது ரோசா பார்க்ஸின் வழக்கு அன்று. அவருக்கு விதித்த தண்டம் 10 டாலர், நீதிமன்றச் செலவு 4 டாலர். அவ்வழக்கு மாநில நீதிமன்றங்களின் மேல்முறையீட்டில் சிக்கிக்கொள்ளும் என்பதால் இளம் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே வேறு வழியில் போனார். ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் என்ற நான்கு பெண்களின் பெயரில் நடந்தது அந்த வழக்கு. உச்ச நீதிமன்றம் 1956 நவம்பர் 13 அன்று கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. "பார்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது" என்று எழுதும்போதெல்லாம் இந்த நான்கு பெயர்களும் மறைகின்றன. ஒதுக்கப்பட்டதாக நாம் பரிதாபப்படும் அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி வென்றவர்களில் ஒருவர் என்பதை எத்தனை கட்டுரைகள் சொல்கின்றன?

பள்ளித் தீர்ப்பும் எம்மெட் டில்லும்

பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று பிரௌன் வழக்கில் 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் பள்ளிகள் ஒன்றாகிவிட்டன என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. எப்போது, எப்படி நிறைவேற்றுவது என்பதை 1955 மே 31 அன்றுதான் நீதிமன்றம் சொன்னது. நிதானமும் வேகமும் கலந்த ஒரு தொடரை அதில் எழுதியது. நாள் எதையும் குறிக்கவில்லை. அந்த இடைவெளியில் புகுந்துகொண்ட தென்மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. 1963-64 கல்வியாண்டில்கூடப் உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன பழைய கூட்டமைப்பின் பதினொரு தென்மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

எம்மெட் டில்லைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. சிகாகோவிலிருந்து மிசிசிப்பியின் மணி என்ற சிற்றூருக்கு உறவினர் வீட்டுக்கு வந்த பதினான்கு வயதுச் சிறுவன். 1955 ஆகஸ்ட் 28 அதிகாலை அவனைக் கடத்திக் கொண்டுபோய்க் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து ஆற்றில் உடல் கிடைத்தது. வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி, செப்டம்பர் 23 அன்று ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசிவிட்டு, குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் விடுவித்தது. பிறகு அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொன்றதை ஒப்புக்கொண்டார்கள். இங்கே தவிர்க்க வேண்டியது, "கடைக்காரப் பெண்ணைப் பார்த்து விசில் அடித்ததால் கொல்லப்பட்டான்" என்ற வாக்கியம். கொன்றவர்களின் சாக்கை அது காரணமாக ஆக்கிவிடுகிறது. கொன்றதற்கான காரணம் கொன்றவர்களிடம் இருந்தது. சிதைந்த மகனின் முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்து வைத்த தாய் மேமி டில்லையும், நீதிமன்றத்தில் எழுந்து நின்று கொலைகாரரைக் கைநீட்டிக் காட்டிய உறவுத் தாத்தா மோஸ் ரைட்டையும் விட்டுவிட்டு இதை எழுதக் கூடாது. நவம்பர் 27 அன்று மாண்ட்கோமரியில் கிங்கின் தேவாலயத்தில் இந்தக் கொலையைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ரோசா பார்க்ஸும் ஒருவர். நான்கு நாள் கழித்துத்தான் அந்தப் பஸ் பயணம்.

ஊசியும் சொட்டு மருந்தும்

போலியோ சொட்டு மருந்தை ஜோனஸ் சால்க் கண்டுபிடித்தார் என்று நம் ஊர்ப் புத்தகங்களில் பல முறை படித்திருக்கிறேன். 1955 ஏப்ரல் 12 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெற்றி என்று அறிவிக்கப்பட்ட சால்க்கின் மருந்து ஊசி. கொல்லப்பட்ட கிருமியால் ஆனது. முகாம்களில் பிள்ளைகளின் வாயில் விட்ட இரண்டு சொட்டு, ஆல்பர்ட் சேபின் வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியிலிருந்து உருவாக்கியது. அமெரிக்காவில் அது உரிமம் பெற்றது 1960களின் தொடக்கத்தில்.

அந்த ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் கட்டர் நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் கிருமி முழுதாகச் சாகவில்லை. ஏறத்தாழ இருநூறு பேருக்கு வாதம் வந்தது, பத்துப் பேர் இறந்தார்கள். இதை மறைத்து எழுதுவது தவறு. இதை மட்டும் எடுத்துக்கொண்டு தடுப்பூசியே பொய் என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. தயாரிப்பிலும் கண்காணிப்பிலும் இருந்த ஓட்டை அது. அதன்பின் விதிகள் இறுகின. 1952இல் ஏறத்தாழ 58,000 பேரைத் தாக்கிய நோய், 1957இல் ஆறாயிரத்துக்கும் குறைவானவர்களோடு நின்றது.

சில்லறைப் பிழைகளும் உண்டு. மெக்டொனால்ட்ஸ் 1955இல் தொடங்கப்படவில்லை; மெக்டொனால்ட் சகோதரர்களின் கடை 1940இலேயே இருந்தது, ரே கிராக் தம் கிளையைத் திறந்தது 1955 ஏப்ரலில். பணத்தில் "கடவுளை நம்புகிறோம்" என்ற வாசகத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 1955, அதை நாட்டின் குறிக்கோளுரையாக்கியது 1956, நாட்டின் கொடி உறுதிமொழியில் கடவுள் பெயர் சேர்ந்தது 1954. மூன்றையும் குழப்ப வேண்டாம். கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்தியைச் செனட் கண்டித்ததும் 1954 டிசம்பரில்தான்.

சொல்லில் வரும் பிழை

தமிழில் மட்டுமே நேரும் தவறு ஒன்று உண்டு. "குடியுரிமை இயக்கம்" என்று எழுதுகிறோம். குடியுரிமை என்றால் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் தகுதி. ரோசா பார்க்ஸுக்குப் பிறப்பாலேயே அது இருந்தது; 1868இல் வந்த பதினான்காம் அரசியல் சட்டத் திருத்தம் அதைச் சொல்லிவிட்டது. குடிமக்களாக இருந்தும் கிடைக்காத வாக்கு, கல்வி, இருக்கை ஆகியவற்றுக்காகப் போராடினார்கள். ஆகவே அது குடிமை உரிமை இயக்கம். வேறுபாடு சிறிதுதான், ஆனால் குடியுரிமை என்ற சொல் அவர்களை அகதிகளாக்கிவிடுகிறது. அதேபோல் "பஸ் வேலைநிறுத்தம்" என்று எழுதாதீர்கள். ஓட்டுநர்கள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள், பயணிகள்தாம் ஏறவில்லை. "நீக்ரோ" என்பது அன்றைய ஆவணங்களில் இருந்த சொல். மேற்கோளில் வரலாம், நம் வாக்கியத்தில் வேண்டாம்.

கடைசியாக, ரோசா பார்க்ஸின் படங்கள். கைரேகை எடுக்கும் படமும், 7053 என்ற எண்ணோடு இருக்கும் சிறைப்படமும் டிசம்பர் 1 அன்று எடுத்தவை அல்ல. புறக்கணிப்பு நடத்தியதற்காகப் பலரோடு சேர்த்து 1956 பிப்ரவரி 22 அன்று அவரைக் கைது செய்தபோது எடுத்தவை. பஸ் ஜன்னல் வழியே பார்க்ஸ் வெளியே பார்க்க, பின் இருக்கையில் ஒரு வெள்ளையர் அமர்ந்திருக்கும் படத்தை "கைதாவதற்கு முன்" என்று அச்சிடுகிறார்கள். அது 1956 டிசம்பர் 21. நீதிமன்ற ஆணை வந்து சேர்ந்த மறுநாள், எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்றான முதல் நாள். பின்னால் இருப்பவர் ஒரு செய்தியாளர். முன் இருக்கையில் இருப்பவர் ரோசா பார்க்ஸ்.