பழம்பகையிலிருந்து அரசகுலக் கூட்டணி பின்னுவது எப்படி

மாயாஜாலத் தொடர்கதைக்குக் குலங்களை வகுக்கும் முன், கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் கோயில் கல்வெட்டைப் படித்துவிடுங்கள். இதைவிட நல்ல பாடம் கிடையாது. தங்களைப் பல்லவர் வழியினர் என்று சொல்லிக்கொண்ட காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன், மூன்றாம் இராசராச சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். கர்நாடகத்து ஒய்சள அரசன் நரசிம்மனின் தண்டநாயகர்கள் (படைத்தலைவர்கள்) வழியில் ஊர்களை அழித்து, நடுவே சிதம்பரம் பொன்னம்பலத்தையும் வணங்கி, 1231 வாக்கில் சோழனை மீட்டார்கள். சோழர் பல்லவரை வென்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது!

உங்கள் கதையிலும் முதலில் காயத்தை முடிவு செய்யுங்கள்: பறிபோன நிலமோ, கொலையோ, ஒன்று போதும். அதை இரு குலமும் வெவ்வேறு விதமாகச் சொல்லட்டும். ஒரு வீட்டில் தாலாட்டு, மறுவீட்டில் வெற்றிப் பட்டயம்.

அடுத்து, மூன்றாவது குலம். சண்டையில் அதற்கு என்ன லாபம்? சுங்கம் வசூலிக்கும் துறைமுகமா, பெண் கொடுத்த உறவா? இதை எழுதாவிட்டால் உதவிப்படை வானத்திலிருந்து குதித்ததுபோல் இருக்கும்.

தொடக்கத்தில் நான்கு குலத்துக்கு மேல் வேண்டாம். வாசகர் பெயர்களிலேயே தடுக்கி விழுவார். திருமணத்தோடு பகையை முடித்துவிடாதீர்கள். மணப்பெண் புகுந்த வீட்டில் யார் கையால் சோறு வாங்கித் தின்னத் தயங்குகிறாள் என்று காட்டுங்கள்.