தத்துவமா, கடமையா? அதிகாரசபைகளைப் பற்றிப் பாராளுமன்றக் குழுக்களுக்கு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

சட்டத்தில் ‘செய்யலாம்’ என முடியும் பிரிவு தத்துவம், அதாவது சட்டம் தரும் அதிகாரம். ‘செய்தல் வேண்டும்’ என முடிவது கடமை. இரண்டையும் குழப்பி ‘கடமை தவறினார்கள்’ என்று எழுதினால், அதிகாரசபை ஒரே வரியில் தப்பிவிடும். தத்துவம் என்றால், அதை ஏன் பயன்படுத்தவில்லை என்றே கேளுங்கள். கடமை என்றால் பிரிவு இலக்கத்தோடு குற்றஞ்சாட்டுங்கள்.

நிறுவனத்தின் பெயரைப் பார்த்து அதிகாரத்தை ஊகிப்பது இன்னொரு பிழை. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் அட்டவணையில் நீர் சேவையும் உண்டு. ஆனால் ஒழுங்குபடுத்தும் தத்துவம் அந்தந்தத் துறைக்கான தனிச் சட்டத்திலிருந்தே வருகிறது. மின்சாரத்துக்கு 2009இல் அப்படியொரு சட்டம் வந்தது. நீருக்கு அப்போது வரவில்லை. எனவே தாய்ச்சட்டத்தோடு நிறுத்தாமல் திருத்தச் சட்டங்களையும் வர்த்தமானி ஒழுங்குவிதிகளையும் சேர்த்து வாசியுங்கள்.

ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் பழைய நடவடிக்கைகளும் செல்லாது என்று நம்பாதீர்கள். வழக்கமான வாசகத்தின்படி, அது அங்கீகரிக்கப்படாத நாளிலிருந்துதான் நீங்கும்; அதற்கு முன் செய்தவை நிலைக்கும்.

தமிழ்ப் பிரதியை மட்டும் நம்புவதும் ஆபத்து. சட்டங்களின் கடைசிப் பிரிவு பெரும்பாலும், முரண்பாடு எழுந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்கிறது. நமக்கு இது வருத்தமான ஏற்பாடுதான். ஆனாலும் நீங்கள் மேற்கோள் காட்டும் பிரிவைச் சிங்களத்தோடு ஒப்பிட்டே அனுப்புங்கள்.

முகவரியும் முக்கியம். கொழும்பு மாநகர சபையின் கணக்கு கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவிடம் போகும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கணக்கு கோப் எனப்படும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவிடம். திணைக்களங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் முன்னதன் கீழ், சபைகளும் கூட்டுத்தாபனங்களும் பின்னதன் கீழ். தனிப்பட்ட குறையென்றால் பொதுமனுக்கள் பற்றிய குழு. அதற்கு மனு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகவே செல்ல வேண்டும்.

ஆகப் பெரிய இழப்பு காலத்தில்தான் நேருகிறது. குழுவின் பதிலுக்காகக் காத்திருந்தாலும், அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதக் கெடு நிற்காது. அது கழிந்தபின் புதுக்கடை உயர் நீதிமன்றத்தில் மனு எடுபடுவது கடினம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் வராது. ஆனால் முறைப்பாட்டு ரசீது மட்டும் போதாது. விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கி மனுவோடு இணையுங்கள்.