பழைய ஃபிலிம் கேமராவை இணைய ஏலத்தில் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளின் பரண்களிலும் பீரோக்களிலும் ஃபிலிம் கேமராக்கள் இன்னும் இருக்கின்றன. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் விடுமுறையில் வரும்போது கொண்டுவந்த யாஷிகாவும் கேனனும் ஒரு வகை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஸ்டூடியோக்களிலும், குமரிக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைப் படம் எடுத்தவர்களிடமும் உழைத்து ஓய்ந்தவை மற்றொரு வகை. ஃபிலிமில் படம் எடுக்கும் ஆர்வம் இளைஞர்களிடம் மீண்டும் வளர்ந்திருப்பதால் இவற்றில் சிலவற்றுக்கு இன்று நல்ல விலை கிடைக்கிறது. ஆனால் ஏலத்தில் விற்கத் துணிபவர்களில் பலர் உரிய விலையைப் பெறுவதில்லை. சிலர் விற்ற பொருளையே திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க நேர்கிறது. வாங்குபவர் அந்தக் கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, அவருடைய கண்ணாகவும் காதாகவும் விற்பவரே இருந்தாக வேண்டும் என்பதை மறந்துவிடுவதுதான் இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

கேமரா கையில் கிடைத்தவுடன் பின்மூடியைத் திறந்து பார்ப்பது முதல் தவறு. உள்ளே ஃபிலிம் இருக்கக்கூடும். 35 மி.மீ. கேமராவாக இருந்தால், ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கிறது. அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு முழுவதையும் சுற்றி முடித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வண்ண நெகட்டிவ் ஃபிலிமைக்கூடக் கழுவிப் பார்க்கலாம். நிறம் மங்கியிருந்தாலும் முகங்கள் தெரிய வாய்ப்பு உண்டு. கோடாக் நிறுவனத்தின் கோடாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் மட்டும் விதிவிலக்கு: அதை வண்ணத்தில் கழுவித் தந்த கடைசிக் கூடம் 2010 இறுதியில் அந்தப் பணியை நிறுத்திவிட்டது. கேமராவை விற்கலாம், அதற்குள் இருக்கும் குடும்பத்தின் படங்களை யாருக்கோ அனுப்பிவிடக் கூடாது.

விற்பதற்கு முன் பளபளவென்று துடைத்துவைக்க வேண்டும் என்ற எண்ணமும் இழப்பையே தருகிறது. வெளித்தூசியை மென்தூரிகையால் நீக்கினால் போதுமானது. லென்ஸைச் சட்டைத் துணியால் அழுத்தித் துடைப்பதும், ஒளியை நொடிப்பொழுது உள்ளே விட்டு மூடும் ஷட்டருக்குள் எண்ணெய் விடுவதும், திருகாணிகளைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்ய முயல்வதும் திரும்பிச் சரிசெய்ய முடியாத சேதத்தை உண்டாக்கும். ஷட்டர் இதழ்களும், லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரின் இதழ்களும் உலர்ந்த நிலையிலேயே இயங்கும்படி செய்யப்பட்டவை; ஒரு துளி எண்ணெய் போதும், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கறுப்பு வண்ணம் தேய்ந்து பித்தளை தெரியும் கேமராவுக்கு மீண்டும் வண்ணம் பூசுவதும் வேண்டாம். அந்தத் தேய்மானத்தையே விரும்பி வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

நம் மாவட்டத்திலிருந்து விற்பவர்கள் மற்ற எதையும்விட அதிகக் கவனம் செலுத்த வேண்டியது பூஞ்சை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. அதோடு மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையின் காற்றும் சேரும்போது, மூடிய அலமாரிக்குள் ஈரப்பதம் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. தோலுறைக்குள் வைத்து மூடிய கேமராவுக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸுக்குள் வளரும் பூஞ்சை சிலந்தி வலையைப் போலவோ மரவேரைப் போலவோ கிளைத்துப் பரவுகிறது. அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கிறது. அரித்த பிறகு பூஞ்சையை நீக்கினாலும் தடம் மறையாது.

லென்ஸை வெறுமனே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்று எழுதிவிடுவதே நான் மிக அதிகமாகக் காணும் பிழை. சரியான முறை எளிது. லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராவாக இருந்தால் அதைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுவதுமாகத் திறந்து, இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சி மறுபக்கத்திலிருந்து சற்றே சாய்த்துப் பார்க்க வேண்டும். லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்ட கேமராவாக இருந்தால், பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி' நிலையில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே போல் பார்க்கலாம். அப்போதுதான் வேறுபாடுகள் புலப்படும். கிளைத்த இழைகள் பூஞ்சை. புகை படிந்தது போன்ற மங்கல் உள்ளெண்ணெய் ஆவியாகிப் படிந்ததால் வரக்கூடியது. ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் பரவும் திட்டு, ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கியதன் அடையாளம். ஓரிரு தூசித் துகள்கள் எந்தப் பழைய லென்ஸிலும் இருப்பவை, அவற்றுக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. இந்த நான்கையும் பிரித்து எழுதுபவரின் விளம்பரத்தை அனுபவமுள்ள வாங்குபவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். பூஞ்சை இருக்கிறதென்றால் இருக்கிறது என்றே எழுதி, அதன் படத்தையும் சேர்த்துவிடுங்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் உதிரிபாகங்களுக்காகத் தேடுபவர்களும் அதையும் வாங்குகிறார்கள். மறைத்து விற்றால் கேமரா திரும்பி வரும், அனுப்பிய செலவும் போகும்.

அடுத்து, இயக்கிப் பார்க்காமலே "வேலை செய்கிறது" என்றோ "பழுது" என்றோ எழுதுவது. இரண்டுமே நஷ்டம்தான். 1976-இல் வந்த கேனன் ஏஇ-1 பேட்டரி இல்லாமல் ஷட்டரையே திறக்காது; அதற்கு 6 வோல்ட் பேட்டரி தேவை. ஒரு சிறு பேட்டரியின் விலையை மிச்சம் பிடித்து, நல்ல கேமராவைப் பழுதானதாக அறிவித்து அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நிகான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 ஆகியவை பேட்டரி இல்லாமலும் எல்லா வேகங்களிலும் இயங்கும்; பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே. யாஷிகா எலக்ட்ரோ 35 பேட்டரி இல்லாதபோது 1/500 நொடி என்ற ஒரே வேகத்தில் மட்டும் இயங்கும். ஆகவே 'கிளிக்' ஒலி கேட்டதை வைத்து அது நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. யாஷிகா மேட்-124ஜி போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது கிடைப்பதில்லை, 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் மீட்டர் காட்டும் அளவு மாறுபடும். எந்த பேட்டரி போட்டுச் சோதித்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டால் பிறகு வழக்கு வராது.

ஷட்டரை ஒரு நொடியிலிருந்து மிக உயர்ந்த வேகம் வரை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும். நெடுநாள் சும்மா கிடந்த கேமராவில் முதலில் தளர்வது மெதுவான வேகங்களே. கைப்பேசியில் மெதுவோட்ட வீடியோ எடுத்தால் காதுக்குத் தப்பியது கண்ணுக்குத் தெரியும். துணித்திரை ஷட்டராக இருந்தால் டார்ச் ஒளியில் ஊசித்துளைகள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். பின்மூடியின் ஓரத்திலுள்ள கறுப்பு ஃபோம் தொட்டால் பசைபோல் ஒட்டினால், ஒளி உள்ளே கசியும் என்பதைக் குறிப்பிடுங்கள். ஒரு ஃபிலிம் போட்டுப் படம் எடுத்து, அந்தப் படங்களையும் ஏலப் பக்கத்தில் காட்டிவிட்டால் அதற்கு மேலான சான்று கிடையாது. விலை உயர்ந்த கேமராவாக இருந்தால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம்.

பழையது என்பதாலேயே விலை உயர்ந்தது என்று நம்புவது வருத்தத்தில் முடியும். இந்தியாவிலேயே தயாராகிப் பெருமளவில் விற்ற ஆக்ஃபா கிளிக் 3 எத்தனையோ வீடுகளின் முதல் கேமரா. அன்பு அதில் மிகுதி, சந்தை விலை குறைவு. விலையை மதிப்பிடும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த ஏலங்களின் விலையை மட்டும் பாருங்கள். கேட்கும் விலை ஆண்டுக்கணக்கில் விற்காமலே நிற்கக்கூடும். தலைப்பில் மாடலின் முழுப்பெயரும் லென்ஸின் அளவும் இருக்க வேண்டும். 'ஏஇ-1' வேறு, 1981-இல் வந்த 'ஏஇ-1 புரோகிராம்' வேறு. கழுகுச் சின்னமும் லைகா என்ற எழுத்தும் பொறித்த கேமரா வீட்டில் இருந்தால் அவசரப்பட்டு அசல் ஜெர்மன் லைகா என்று அறிவிக்க வேண்டாம். சோவியத் நாட்டின் ஃபெட், சோர்க்கி கேமராக்களில் போலியாக அந்தப் பெயரைப் பொறித்தவை உலகெங்கும் புழங்குகின்றன. மாறாக, ஆலப்புழையில் தேக்கும் பித்தளையும் கொண்டு செய்யப்பட்ட வாகீஸ்வரி கேமரா உங்கள் வீட்டில் இருந்தால் அதை வெறும் "பழைய மரப்பெட்டி" என்று தலைப்பிட்டுவிடாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த நம் பகுதியின் ஸ்டூடியோ வரலாற்றுக்கு நெருக்கமான கருவி அது. என்னைக் கேட்டால், அதை விற்பதற்கு முன் இருமுறை யோசிப்பேன்.

படங்களைப் பொறுத்தவரை சொல்ல அதிகம் இல்லை. ஃபிளாஷ் வேண்டாம், காலை வெளிச்சம் விழும் திண்ணையில், ஒரே நிறத் துணியின் மேல் வைத்து, ஆறு பக்கமும், சீரியல் எண்ணும், பேட்டரி அறையும், குறைகள் உள்ள இடங்களும் தெரிய எடுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் போடுவது வாங்குபவரின் நம்பிக்கையை அங்கேயே முடித்துவிடும்.

ஏலத்தின் போக்கை அறியாமல் செய்யும் தவறுகள் வேறு வகையானவை. ஈபே என்ற இணைய ஏல நிறுவனத்தின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. இன்று ஈபேயின் வெளிநாட்டுத் தளத்தில் விற்பவர் பெரும்பாலும் வெளிநாட்டு வாங்குபவருக்கே விற்கிறார். ஆகவே ஏலம் முடியும் நேரம் அவர்கள் விழித்திருக்கும் நேரமாக இருக்க வேண்டும். நியூயார்க்கில் ஞாயிறு இரவு ஒன்பது மணி என்பது நமக்குத் திங்கள் காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. நமக்கு வசதியாக ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடித்தால் அங்கே காலைப் பொழுதுதான் ஆகியிருக்கும். ஏலம் கேட்பவர்கள் பலர் கடைசி நொடிகளில்தான் தங்கள் தொகையைச் சொல்வார்கள்; ஆறு நாள் அசைவில்லாமல் கிடந்தது என்று பதறி நடுவில் நிறுத்துவதும், வெளியிலிருந்து ஒருவர் சொன்ன விலைக்கு மயங்கிக் கொடுப்பதும் இதனால்தான் இழப்பாகின்றன. அதே வேளையில், எந்த விலைக்குக் கீழே கொடுக்க மனம் வராதோ அதற்குக் குறைவாகத் தொடக்க விலையை வைக்காதீர்கள். உறவினரைக் கொண்டு விலையை ஏற்றச் சொல்வது ஏலத்தில் கலந்துகொள்பவர்களை ஏமாற்றுவதாகும். தளங்களும் அதைத் தடைசெய்திருக்கின்றன.

உள்நாட்டில் விற்கும்போது, "பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ ரகசிய எண்ணை (PIN) இடுங்கள்" என்று யாராவது சொன்னால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் ஒருபோதும் தேவையில்லை.

வெளிநாட்டுக்கு வணிகமாக அனுப்ப ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் வேண்டும். அதை முன்கூட்டியே பெறாமல் ஏலத்தை முடித்துவிட்டு அலைபவர்கள் உண்டு. சுங்கத் தாளில் "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லி வாங்குபவர் கேட்டாலும் எழுதக் கூடாது. அது பொய்யான அறிவிப்பு. மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தால், பொதி தொலைந்தபின் முழு விலையை இழப்பீடாகக் கேட்கவும் வழியிருக்காது. நூறு ஆண்டுகளைக் கடந்த கேமராவாக இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியார் தொல்பொருள்களை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது என்பதை நினைவில் கொண்டு, முதலில் இந்தியத் தொல்லியல் துறையை அணுக வேண்டும்.

பொதி கட்டும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். ஷட்டரை இழுத்துவைத்த நிலையில் அனுப்பாதீர்கள். லென்ஸைக் கழற்ற முடியுமானால் கழற்றி, இரு பக்கமும் மூடியிட்டுத் தனியே சுற்றுங்கள். பூஞ்சை வாடையுள்ள பழைய தோலுறைக்குள் கேமராவைத் திணித்து அனுப்புவது, சுத்தமான கேமராவையும் வழியிலேயே கெடுத்துவிடக்கூடும். உறையைத் தனிப் பையில் கட்டுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து, காற்றுப்புகாத பையில் மூடி, ஒரு பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து இடையில் இரண்டு அங்குலமாவது மெத்தை இருக்கும்படி கட்ட வேண்டும். சீரியல் எண் தெரியும்படி தொடங்கி, பெட்டி ஒட்டப்படும் வரை இடைவெளியில்லாமல் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பழுதான கேமராவைத் திருப்பி அனுப்பி "நீங்கள் தந்தது இதுதான்" என்று யாராவது வாதிட்டால், தளத்தின் முன் வைக்க உங்களிடம் சான்று இருக்க வேண்டும்.